அடியெடுத்துக் கொடுப்பவள்

நாரிச் நகரத்துக் கொட்டகையில்
பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி.
பத்தொன்பது வருஷம் அதில் உட்கார்ந்திருந்தேன்.
மடியில் பிரதி, கையருகே மெழுகுவர்த்தித் துண்டு.
அரசர்கள் சொல் மறந்தால்
எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு.

அம்புரோஸ் தாக்வெல்
தோல் பதனிடுகிறவர் மகன்.
எவ்வளவு பன்னீர் பூசினாலும்
வெயில் நாளில் அவர் மேல்
சுண்ணாம்பும் மாட்டுத்தோலும் நாறும்.
குரலோ
கடைசி வரிசையில் ஆரஞ்சு உரிப்பவளின்
விரலை நிறுத்திவிடும்.

நாடகம் போட எங்களுக்கு உரிமம் இல்லை.
வாசலில் பல்பொடி விற்றோம்,
பொட்டலம் இரண்டு ஷில்லிங்.
வாங்கியவர்க்கு நாடகம் இலவசம்.
கான்ஸ்டபிள் இரண்டு பொட்டலம் வாங்கினார்,
ஐந்தாம் அங்கத்தில் விம்மினார்,
முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடையேறி
செத்துக் கிடந்த அரசனை எழுப்பிக் கைது செய்தார்.

ஜப்தி ஆட்கள் வந்த இரவிலோ
அவர்களுக்கே தகரக் கவசம் மாட்டி
படைவீரர்களாக நிறுத்திவிட்டார்.
அதில் ஒருவன் கைதட்டலுக்குத் தலை குனிந்தான்.
மறுநாள் எங்களிடமே வேலை கேட்டு வந்தான்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவள்தான்.

மனைவி டமாரிஸ்
நடன வாத்தியாரோடும் சனிக்கிழமை வசூலோடும்
யார்மத் வண்டியேறிய அன்று
அவருக்கு ஏமாந்த கணவன் வேஷம்.
ஜனம் வயிறு வலிக்கச் சிரித்தது.
திரை விழுந்தது.
கூடச் சேர்ந்து சிரித்துவிட்ட பையனை,
லேம்பர்ட் கூசி, பதினேழு வயது,
கைத்தடியால் அடித்தார்.
இடது கண்.

நீதிபதி கேட்டார், நடந்தது என்ன என்று.
எண்ணூறு பேரை அழவைத்த வாய்
காய்ந்து நின்றது.
நான் மாடத்தில் இருந்தேன்.
பழக்கம் என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன்,
உதடு அசைந்தது:
"அவன்தான் கத்தியை எடுத்தான்."
அந்தப் பொய்யை எத்தனை அழகாகச் சொன்னார்!
ஜூரியில் இருந்த ரொட்டிக்கடைக்காரர்
மூக்கைச் சிந்தினார்.

கூசி எங்கேயும் போகவில்லை.
ஒற்றைக் கண்ணோடு எந்தக் காதலன் வேஷம் கட்டுவது?
அங்கம் தோறும் கத்திரியோடு வந்து
மேடை விளிம்பில் கருகிய திரிகளை நறுக்குவான்.
தன் இருட்டுப் பக்கத்தை
அவர் பார்க்கும்படி நிற்பான்.

பிறகு கொட்டகை எரிந்தது.
கட்டிய பிறகு ஏலம் போனது.
டிக்கெட் விலையை ஆறு பென்ஸ் ஏற்றியதற்கு
ஜனமே பெஞ்சுகளை ஒடித்துக் குவித்தது.
கடன் சிறையில் இரண்டு குளிர்காலம்,
அங்கும் எலிகளுக்கு மேலே
அவர் குரல்தான் பெரியது என்றார்கள்.

கடைசியாக அவர் நடித்த இரவு மார்ச் மாதம், ஆலங்கட்டி மழை.
கிழட்டு அரசன், சபை நடுவே
தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் இடம்.
வாய் திறந்தார்.
வரவில்லை.
என் பக்கம் திரும்பினார்.
விரல் அந்த வரியின் மேல்தான் இருந்தது:
"செய்தது நான்."
இரண்டே சொல்.
கூசி கத்திரியைத் திறந்தபடி நின்றுவிட்டான்.
என் தொண்டையிலும் அது ஏறவில்லை.

ஓட்டின் மேல் ஆலங்கட்டி விழும் சத்தம்.
எவரும் இருமவில்லை.

அப்புறம் கைதட்டினார்கள்,
அவர் வாழ்நாளில் கேட்காத அளவுக்கு.
மௌனத்தில் என்ன நடிப்பு என்று
மறுநாள் பத்திரிகை வியந்தது.

பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது.
அந்த வரியின் மேல் மெழுகு சொட்டியிருக்கிறது.
நகத்தால் சுரண்டினால் வந்துவிடும்.