பதினோராவது சட்டம்

கானாடுகாத்தானில் என் வாடகை அறைச் சுவர்
வியர்க்கிறது.
புயல் கரை கடந்து ஒன்பது நாள்,
இன்னும் வியர்க்கிறது.
"கிளிஞ்சல் சுண்ணாம்பு ஆத்தா,
கடல்ல ஒண்ணுன்னா இதுக்குத் தெரிஞ்சிரும்"
என்கிறார் வீட்டுக்கார வள்ளியப்பன்.
ஈரப்பதம் தொண்ணூற்று நாலு. அவ்வளவுதான்.

விடியற்காலைப் பேருந்து.
தேவகோட்டை தாண்டினால்
கண்மாய் ஒவ்வொன்றும் செக்கச்செவேலென்று நிறைந்து
மறுகால் போகிறது.
கலுங்கில் துண்டு விரித்துக் கெண்டை பிடிக்கிறார்கள்.
ஊருக்கு நல்ல வருசம்.
இந்தச் சிவப்பு எங்கே போய் இறங்கும் என்று
பேருந்தில் எனக்கு மட்டும்தான் கவலை.

தொண்டி. செய்யதலியின் வள்ளம்.
அரை மீட்டருக்கு அரை மீட்டர் கம்பிச் சட்டம்.
முங்கி அதைத் தரையில் வைத்து
உள்ளே அகப்படும் கடற்புல்லை எண்ணவேண்டும்.
இதற்குச் சம்பளம் உண்டு,
மூன்று மாதமாய் வரவில்லை.

பங்குனியில் இதே இடத்தில்
ஒரு சட்டத்துக்குள் இருநூற்றுப் பதினாறு தாள்.
ஒரு கடற்குதிரை வாலால் கம்பியைச் சுற்றிக்கொண்டு
எண்ணி முடிக்கும்வரை விடவே இல்லை.

இன்று நீட்டிய கை தெரியவில்லை.
தடவி எண்ணுகிறேன்.
ஒன்று: வேர் மட்டும்.
இரண்டு: சேறு.
மூன்று: சேறு, முழங்கை வரை.
நாலில் யார் வீட்டுக் கூரை ஓடோ,
அதன் முத்திரை எழுத்தை விரலால் வாசித்தேன்.
பிறகு சேறு, சேறு.

"காத்து புடுங்குனது பாதிதான்.
மிச்சம் இருட்டுல சாகும்"
என்றார் செய்யதலி, பீடியைப் பற்றவைக்க முயன்றபடி.
நான் இதையே இரண்டு பக்கம் எழுதுவேன்:
கலங்கல் அளவு, ஒளி ஊடுருவல், வரைபடம் மூன்று.

கரையில் இடுப்பு உயரத்துக்குப் புல் ஒதுங்கி
அவிந்து நாறுகிறது.
ஆவுளியா கண்ணில் பட்டதா என்று கேட்டேன்.
"மேய்ச்சல் போன காட்டுக்கு
மாடு வருமாம்மா?"

போதும் என்றார். இன்னொன்று என்றேன்.

பதினோராவது சட்டத்தில் ஒன்பது தாள்.
ஒவ்வொன்றின் மேலும்
மாவு பூசியதுபோல் வண்டல்.
எண்ணலாம், தொடக் கூடாது.
தொட்டால் கணக்கு கெட்டது.

கட்டைவிரலால் ஒன்றைத் துடைத்தேன்.
மூச்சு இருந்தவரை
மற்ற எட்டையும்.

இரவு சுவருக்கு எதிரே உட்கார்ந்து
படிவம் நிரப்பினேன்.
எத்தனை சட்டம் போட்டீர்கள் என்று ஒரு கட்டம்.

பத்து.