பழுக்காத தண்ணீர்

இரண்டடித் தொட்டி.
ஹம்டன் லேனில் வாங்கி
ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது.
சிக்னலில் நின்ற பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்து
உள்ளே ஒன்றுமில்லையே என்பதுபோலச் சிரித்தான்.

கல்லை ஏழு தரம் கழுவினேன்.
எட்டாவது தரம் அவித்தேன்.
பிளாஸ்டிக் கோட்டை, குழாய், வலை
எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டெடுத்து
வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்கினேன்,
சத்திரசிகிச்சைக்கு முன்
கத்தரிக்கோலையும் இடுக்கியையும் அடுக்குவதுபோல.
பதினொரு வருடம் தியேட்டர் நேர்ஸ்.
என் கைகளுக்குத் தெரிந்த அன்பு அவ்வளவுதான்:
கண்ணுக்குத் தெரியாத எதுவும்
உயிரோடு மிஞ்சக்கூடாது.

குழாயைத் திறந்தால் குளோரின் மணம்.
வேலையிடத்து நடைபாதை வீட்டுக்குள் வந்ததுபோல
நிம்மதியாக இருந்தது.
இரண்டு நாள் வாளியில் விட்டுவைக்க வேண்டுமாம்.
வைத்தேன்.
தொட்டிக்குப் பின்னாலிருந்த கலண்டரில்
போயா நாளின் வட்டம்
தண்ணீருக்கூடாகத் துல்லியமாகத் தெரிந்தது.

ஐந்து கப்பி விட்டேன்.
புதன் ஒன்று.
வியாழன் இரண்டு.
வெள்ளி காலை, நைட் முடிந்து வந்து,
வடிகட்டியின் வாயில் ஒட்டியிருந்ததைத்
தேக்கரண்டியால் எடுத்தேன்.
காயமில்லை. செதில் ஒன்றும் உதிரவில்லை.
நேரம் குறிக்க
கை பேனாவைத் தேடியது.

கடைக்காரர் போனில் சொன்னார்:
"தண்ணி இன்னும் பழுக்கல்ல, மிஸ்."
மாம்பழமா இது?

முதலாம் மாடி ஹில்மி லிப்டில் கதை கேட்டுவிட்டு
அன்று பின்னேரமே வந்தார்,
யோகட் கப்பில் ஒரு கறுத்த ஸ்பொஞ்சுத் துண்டோடு.
அவருடைய வடிகட்டிக்குள் மூன்று வருடம் கிடந்ததாம்.
மழைக்குப் பிறகு வெள்ளவத்தைக் கால்வாய் மணக்குமே,
அந்த மணம்.
"கழுவிராதீங்க," என்றார்,
"இதுக்குள்ளதான் எல்லாம் ஈக்குது."

கையுறை போட்டேன்.
கழற்றினேன்.
பிழிந்தேன்.
கறுப்பு, புகைபோல இறங்கி
கலண்டரின் வட்டத்தை மூடியது.
முழங்கை வரை கழுவ ஓடிய என்னைக்
குசினி வாசலில் நிறுத்திவைத்தேன்,
நூறு எண்ணும்வரை.
அறுபத்திரண்டில் ஓடிவிட்டேன்.

பிறகு ஐந்து கிழமை.
வந்தவர்கள் எல்லாரும் மீன் எங்கே என்றார்கள்.
மிஞ்சின ஒன்றைக் காட்டினேன்.
இதுக்கா இவ்வளவு பெரிய தொட்டி?
மற்றவர்களை எப்படிக் காட்டுவது?
கல்லிடுக்கில், ஸ்பொஞ்சின் துளைகளில்,
கோட்டைக் கதவின் பின்னால்
எண்ணமுடியாத பேர்
குடிவந்துகொண்டிருந்தார்கள்,
நான் காலையிலிருந்து கொன்று தீர்ப்பவர்களின்
ஒன்றுவிட்ட சொந்தங்கள்.

ஒரு இரவு கரண்ட் போய்
வடிகட்டி நின்றது.
அதே யோகட் கப்பால்
தண்ணீரை அள்ளி அள்ளி உயர்த்தி ஊற்றினேன்,
காற்றுக் கலக்கட்டுமென்று,
டோர்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஒன்றரை மணித்தியாலம்.
அந்த ஒரு மீனுக்காக மட்டுமில்லை.

இன்று சோதனைக் குழாயில் துளி விட்டேன்.
பச்சை வரவில்லை.
தேசிக்காய் மஞ்சள்.
கண்ணாடியின் இடது மூலையில்
ஒரு விரல் அகலத்துக்குப் பாசி.
துணியோடு போனேன்.
துணியோடு திரும்பி வந்தேன்.

சிங்க் பக்கத்தில் ஹில்மியின் கப்,
பளிச்சென்று கழுவிக் கவிழ்த்தபடி.
வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது.
எதைப் போட்டுக் கொடுப்பதென்று
இன்னும் தெரியவில்லை.