அரைச் செக்கன்

கொள்ளுப்பிட்டி ஹோட்டலின் ஏழாம் மாடி.
பதினொரு நாள் சமாதானப் பயிற்சி, ஒன்பது நாட்டு ஆட்கள்,
பின்சுவரோடு ஒட்டி எனக்கொரு கண்ணாடிக் கூண்டு.
ஆங்கிலமும் சிங்களமும் காதில், தமிழ் வாயில்;
சிலவேளை மறுவளம்.
பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணீர்.

கூண்டுக்குள் 'நான்' என்றால் நானில்லை.
மணிலாக்காரி எனக்கு மூன்று பிள்ளைகள் என்றால்
எனக்கு மூன்று பிள்ளைகள்.
பத்து மணிக்கு முன் நான் நேபாளத்தில் பொலிஸ்காரன்,
அதற்குப் பின் புருண்டியில் எரிந்த கடையொன்றின் சொந்தக்காரி.
மதியச் சாப்பாட்டில் மட்டும் வாய் என்னுடையது.
அப்போதும், மீன் முடிந்ததா என்று கேட்க
எந்த மொழியில் தொடங்குவதென்று நாக்கு நிற்கும்.

முதல்நாள் சொல்வெய்க் சுவரில் ஒரு மரம் வரைந்தாள்.
வேர் காரணம், அடிமரம் பிரச்சினை, கிளை விளைவு.
எல்லாரும் மஞ்சள் தாளில் எழுதி ஒட்டினார்கள்.
இரவு ஏசிக் காற்றில் வேர்கள் உதிர்ந்தன.
காலையில் கூட்ட வந்த பெடியன்
'காணி'யை எடுத்து உச்சிக் கிளையில் ஒட்டிவிட்டுப் போனான்.
பதினொரு நாளும் அது அங்கேயே இருந்தது,
ஒருவரும் இறக்கவில்லை.

தந்த சொற்பட்டியலில்
முரண்பாட்டுக்குப் பக்கத்தில் 'உருமாற்றம்' என்றிருந்தது.
பள்ளிக்கூடத்தில் மயிர்கொட்டிக்குப் படித்த சொல்.
மயிர்கொட்டியை யாரும் கேட்டு மாற்றுவதில்லை என்று
ஓரத்தில் பென்சிலால் எழுதி, அழித்தேன்.

ஆறாம் நாள் இரண்டு கதிரை, முகம் பார்த்து.
ஒன்றில் செந்தூரி, புதுக்குடியிருப்பு.
மற்றதில் ஜயலத், முன்னாள் சார்ஜன்ட்,
இப்போது மொனராகலையில் ஏதோ நல்லிணக்கக் கந்தோரில் உத்தியோகம்.
ஆளுக்கு மூன்று நிமிடம். குறுக்கே பேசக் கூடாது.

செந்தூரிக்கு மூன்று நிமிடம் தேவைப்படவில்லை.
"அந்த மாசம் நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

நீங்கள்: மரியாதைக்கு ஒருவரா, ஒரு படையா?
சிங்களத்தில் இரண்டுக்கும் இரண்டு சொல்.
எனக்குக் கிடைப்பது அரைச் செக்கன்.
ஒருவர் என்று எடுத்தேன். ஏனென்று கேட்டால் தெரியாது.
எதிரே ஒரு கதிரைதான் இருந்தது.

அவர் நெடுநேரம் தன் சப்பாத்தைப் பார்த்தார்.
பிறகு, "அபி பயவெலா ஹிட்டியே."

அபி. நாமா, நாங்களா?
பயந்தது அவரும் அவருடைய ஆட்களுமா,
அவரும் செந்தூரியுமா?
வீட்டுப் பேச்சில் இரண்டையும் 'நாங்கள்' என்றே சொல்லித் தப்பிவிடுவோம்.
இங்கே, அவள் காதுக்குள், அது வேலி.
நான் ஆளை விட்டேன், வினையை மட்டும் கொடுத்தேன்:
"பயந்துபோய் இருந்தோம்."
ஒளிந்துகொள்ளத் தமிழில் அவ்வளவு இடமிருக்கிறது.

செந்தூரி காதுக்கருவியை ஒரு கையால் அழுத்திக்கொண்டாள்.
"ஆர்?"

குறுக்கே பேசிவிட்டாள். சொல்வெய்க் தடுக்கவில்லை.
கேள்வி அவரிடம்தான். ஆனாலும்
என் வாயால்தான் போகவேண்டும்: "கவுத?"

அவர் ஒலிவாங்கியை அணைத்திருந்தார்.
உதடு இரண்டு தரம் மூடித் திறந்தது.
அபிக்கு ஒரு தரம் போதும்.
மம என்றால் இரண்டு.
மம: நான்.

ஒலிவாங்கியில் வராததை மொழிபெயர்ப்பதில்லை. தொழிற்சட்டம்.
அலைவரிசை இரண்டில் என் மூச்சு மட்டும் போய்க்கொண்டிருந்தது.
செந்தூரி கூண்டுப் பக்கம் திரும்பவேயில்லை,
அவருடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு மணி. கோப்பி, பட்டிஸ்.

கடைசி நாள் சான்றிதழ், குழுப்படம், அழுகை.
வவுச்சரில் மணித்தியாலம் எழுதினேன்.
அந்த மௌனமும் அதற்குள்தான்.

நூறாம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தை வரை நின்றே வந்தேன்.
அந்த மாசம் நான் இந்தத் தெருவில் இருந்தேன்,
பொலிஸ் பதிவுத் துண்டை மேற்சட்டைக்குள் வைத்தபடி.
பயந்துபோய்.
பதினொரு நாளில் அதை ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எந்த அலைவரிசையில் சொல்வது?

கதவைத் தட்டினேன்.
"ஆர்?" என்றாள் தங்கச்சி உள்ளிருந்து.
அரைச் செக்கன் போனது. இன்னொன்றும் போனது.
"முட்டை வாங்கினியே?" என்றபடி திறந்தாள்.