ருசி பார்த்தவன்

எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டினீர்கள்
என்று கேட்டாள், குன்மிங்கிலிருந்து வந்த சுகாதார அதிகாரி.
நீலப் படிவம். நகச்சாயம் பாதி உரிந்திருந்தது.

முந்தின நாள் மாலை ஆறு, என்றேன்.
பன்றிக்கால் இரண்டு. கை நிறைய இஞ்சி.
கிழங்கு ஒன்றரைக் கிலோ.
புல்காகம் என்போம் எங்கள் மலையில்,
காய்ந்தால் காகத்தின் தலை போலவே இருக்கும்.
குளிர் தொடங்கினால் வீட்டுக்கு ஒரு பானை.
எலும்புக்குள் இறங்கிய பனியை அது
வெளியே விரட்டும்.

காவல் யார்?
நான்.
தூங்கினீர்களா?
இல்லை.

அது உண்மை.
கொதி நிற்கக்கூடாது,
பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டும் விழக்கூடாது.
துணைக்கு என் மைத்துனன் ஷி பாவோலின் இருந்தான்,
அவன் கொண்டுவந்த சோளச் சாராயம் இருந்தது.
லாரி ஓட்டித் தேய்ந்த முழங்கால் அவனுக்கு.
அவனுக்காகத்தான் அரைக் கிலோ கூட்டிப் போட்டேன்.
இதைச் சொன்னேன்.
எழுதிக்கொண்டாள்.

நாலரைக்கு நீர் வற்றியது.
கெட்டிலில் வெந்நீர் தீர்ந்திருந்தது.
குழாயைத் திறந்து ஒரு செம்பு
ஊற்றினேன்.
பானை சட்டென்று பேச்சை நிறுத்தியது,
கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முணுமுணுத்தது.
பாவோலின் பார்த்தான், சிரித்தான்.
இதைச் சொல்லவில்லை.

முதலில் ஒருவர்தான் ருசி பார்க்க வேண்டும்.
ஒரு கரண்டி. பிறகு அரைமணி சும்மா இருக்க வேண்டும்.
நாக்கு மரத்தால் இன்னும் வேகவில்லை,
மரக்காவிட்டால் எல்லாரையும் கூப்பிடலாம்.

மரத்ததா?
இல்லை.

அதற்கு முன்பே மரமாய்க் கிடந்தது என் நாக்கு,
விடிய விடிய சாராயம் ஓடி.
வேர் இறங்குவது
மரத்துக்கா தெரியும்?

ஒன்பது பேர் உட்கார்ந்தோம்.
பாவோலினுக்கு மூன்று கிண்ணம்.
முழங்காலைத் தட்டிக் காட்டினான், இதோ
சூடு இறங்குது பார் என்று.
பிறகு உதட்டில் எறும்பு ஊர்வதாகச் சொன்னான்.
என் மனைவி உதட்டைத் துடைத்தாள்.
பிறகு எல்லாருக்கும் எறும்பு.

ஆம்புலன்ஸ் மலையேற ஐம்பது நிமிடம்.
அடுத்த கட்டிலில் அவன் இதயத்தைத் திரையில் பார்த்தேன்,
எழுதத் தெரியாதவன் கையைப் பிடித்து
யாரோ போடவைத்த கையெழுத்து மாதிரி.

எட்டுப் பேர் திரும்பி வந்தோம்.

காரணம் என்ற கட்டத்தில்
'கிழங்கின் அளவு மிகுதி' என்று எழுதி
என் பக்கம் திருப்பினாள்.
போட்டேன்.
மிச்சக் கிழங்கைப் பையில் கட்டி
எடுத்துப்போனாள்.

சந்தையில் இன்னும் மூட்டை மூட்டையாக இருக்கிறது.
நல்லா வேக வைங்க, என்கிறான் விற்கிறவன்,
பாக்கி சில்லறையோடு.

நேற்று பாவோலினின் மனைவி வந்தாள்.
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.
ராத்திரி முழுக்க என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள், என்றாள்.

டயர் விலை, என்றேன்.