நடுவில் ஒரு தாள்

இரவு ஒன்று நாற்பது.
செந்தூல் டயாலிசிஸ் நிலையத்தின் பக்கம்
யாருக்கும் திறக்கவில்லை என்கிறார் டாக்டர் குமுதவல்லி.
எனக்குத் திறக்கிறது.
'எனக்குத் திறக்குதே' என்பதுதான்
எங்கள் தொழிலில் மிகப் பழைய பொய்.

பிரிக்பீல்ட்ஸ், பதினோராம் மாடி.
பத்து மணிக்கே ஏர்கான் நிறுத்திவிட்டார்கள்.
மேசையில் மாமாக் கடைத் தே ஓ ஐஸ்,
பிளாஸ்டிக் பையில்,
ரப்பர் வளையம் இன்னும் அவிழ்க்காமல்.

முதலில் வாசலைப் பார்த்தேன்.
நானூற்று நாற்பத்து மூன்று திறந்திருக்கிறது.
எண்பதில் தட்டுகிறவர்களை
இங்கே அனுப்பச் சொல்லியிருந்தேன்,
ஒழுங்காக அனுப்புகிறது.
பிறகு சாவி.
சான்றிதழின் எண்ணையும் சாவியின் எண்ணையும்
மேலும் கீழும் வைத்து
நாலு நம்பர் ரிசல்ட் பார்க்கிற ஆள்போல
விரல் வைத்துப் படித்தேன்.
ஒத்துப்போகிறது. பரிசுதான் இல்லை.
பிறகு பெயர்:
முன்னால் மூன்று டபிள்யூவோடும் அது இல்லாமலும்
இரண்டும் இருக்கிறது.
பிறகு தேதி. நேற்றுத்தான் புதுப்பித்தது.
பிறகு கடிகாரம்.
சர்வருக்கு இன்னும் நேற்று மாலை ஐந்து நாற்பது.
அதில் தப்பில்லை,
அதன் ஊர் வேறு, என் ஊர் வேறு.

மூன்றாம் முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு
ஹாஃபிஸை எழுப்பினேன்.
உன் பழைய போனில் திற.
"தா பொலே லா, காக்."
கொட்டாவிக்கு நடுவே
திரையில் இருப்பதை வாசித்தான்:
இவரை நம்ப முடியவில்லை.

அப்போது பிடிபட்டது.
என் பிரவுசர் ஊரெல்லாம் சுற்றிய ஆள்,
ஒப்பமிட்டவரை எங்கோ பார்த்து
ஞாபகம் வைத்திருக்கிறது.
ஹாஃபிஸின் போன் புது முகம்.
அதற்குத் தெரிந்தது உச்சியில் இருப்பவரை மட்டும்.
சர்வர் நீட்டுவதோ அடியில் இருக்கும் தாளை மட்டும்.
நடுவில் ஒரு தாள் குறைகிறது.

பதிவு இலாகாவில் எனக்குப் பதினேழு வயது.
டோக்கன் இரண்டாயிரத்து அறுபத்தொன்று.
பிறப்புப் பத்திரம் இருந்தது.
அப்பாவின் நீலக் கார்டு இருந்தது.
அம்மாவிடம் சிவப்பு.
இரண்டு பேரையும் சேர்க்கிற தாள் இல்லை;
தாலி கட்டியதைக் கோயில் பார்த்தது,
கம்ப்யூட்டர் பார்க்கவில்லை.
நானே கையெழுத்திட்டு எழுதிய சத்தியப் பத்திரத்தை
கௌண்டர் பெண் இரண்டு கையாலும் வாங்கி
இரண்டு கையாலும் திருப்பித் தந்தாள்.
நல்லவள்.
"நான் நம்புறேன் டிக், சிஸ்டம்தான் நம்பல."
நான்கு வருடம்.

சரி, வேலையைப் பார்ப்போம்.
நடுத்தாளை இறக்கி
இரண்டையும் ஒரே கோப்பில் ஒட்ட வேண்டும்.
வரிசை முக்கியம்:
முதலில் நான், பிறகு எனக்குப் பொறுப்பேற்றவர்.
அவசரத்தில் தலைகீழாக ஒட்டினேன்.
சாவி பொருந்தவில்லை என்று எழ மறுத்தது.
மாற்றி ஒட்டினேன்.
ஒன்றின் முடிவுக் கோடும்
அடுத்ததன் தொடக்கக் கோடும்
ஒரே வரியில் முட்டிக்கொண்டு நின்றன.
நடுவே ஓர் எண்டர்.
இதற்கு முக்கால் மணி நேரம்.

மூன்று ஐம்பத்தைந்து.
"டா பொலே," என்று அனுப்பிவிட்டு
ஹாஃபிஸ் தூங்கிப்போனான்.

நாலு ஐம்பதுக்கு லாக்கில் ஒரு வரி.
யாரோ ஒருவர்
சனிக்கிழமைக்கு நாற்காலி கேட்கிறார்.
அவர் பெயரோ இரத்த வகையோ
இடையில் நிற்கும் எவனுக்கும் தெரியாது.
இந்த நேரத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பவருக்கு
இவ்வளவாவது செய்ய முடிந்தது.

ஐஸ் கரைந்து வெறும் நிறமாகியிருந்தது.
குடித்தேன்.
எண்பதாம் நாளுக்கு அலாரம் வைத்தேன்.

டாக்டர் கேட்டார்: இப்ப வருது. என்னதான் கோளாறு?
நீளமாக எழுதினேன், அழித்தேன்.
ஒரு தாள் குறைஞ்சிருந்துச்சு டாக்டர்,
என்று மட்டும் அனுப்பினேன்.