எட்டுப் போடுதல்

செக்காலை சிக்னலில் நின்றபடியே
மூன்று மெயிலுக்குப் பதில்.
பச்சை விழுந்ததைப்
பின்னால் வந்த மினிபஸ்தான் சொன்னது.
ஆய்வகத்தில் என் மேசையைக் கடப்பவர்கள்
"உமையாள் மேடம் பிஸி" என்று
குரலைத் தாழ்த்துவார்கள்.
அது எனக்குப் பிடித்திருந்தது. ஒளிப்பானேன்.

காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு
மாடிக்கும் கீழுக்கும்.
செலவுக் கணக்கு, திருத்திய செலவுக் கணக்கு,
திருத்தியதைத் திருத்தச் சொல்ல ஒரு கூட்டம்.
நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்று
கதவில் எழுதி ஒட்டலாம்.
சாயங்காலம் டப்பாவைத் திறந்தால்
இட்லியும் கத்தரிக்காய் கோசமல்லியும்
வைத்தது வைத்தபடி.

இன்று பூமயில் லீவு. பள்ளத்தூரில்
மகளுக்குக் காதுகுத்து.
மின்முனையை நானே தேய்க்க வேண்டியதாயிற்று.
கண்ணாடிக் கரியில் ஒரு வட்டம்,
மிளகைவிடச் சிறிது.
அதற்கே நாலு தரம் அவசரமாய்த் தேய்த்து
நாலு தரமும் திரையில் கோடு நடுங்கியது,
கோட்டையூர் ரோட்டில்
ஸ்கூட்டரில் உட்கார்ந்து போட்ட கையெழுத்து மாதிரி.

ஐந்தாவது தரம்
போனை டிராயருக்குள் தள்ளினேன்.
தீர்மானமெல்லாம் இல்லை,
கையெல்லாம் அலுமினாச் சேறு.

ஈரத்துணி. வெள்ளைப் பொடி. இரண்டு சொட்டு நீர்.
எட்டு.
எட்டின் இடுப்பில் விரல் சாயப் பார்க்கும்.
சாயாமல் பிடித்து,
மறுபடி எட்டு.
எண்ணிக்கொண்டுதான் தொடங்கினேன்,
எந்த எண்ணில் விட்டேன் என்று தெரியவில்லை.
சரசரப்பு வழவழப்பாகும் ஓர் இடம் உண்டு.
காது கேட்பதற்கு முன்பே
அதைச் சுட்டுவிரல் கேட்டுவிட்டது.
டிராயர் இரண்டு முறை உறுமியது.
யார் வீட்டு மாடோ என்று இருந்தேன்.

கழுவித் திருப்பினால்
கறுப்பு வட்டத்துக்குள் டியூப்லைட்,
அதன் கருகிய முனையோடு.

திரையில் கோடு ஏறி, வளைந்து, இறங்கி
நீந்துகிற வாத்தாய் நின்றது.
இரண்டு முகடுகளுக்கும் நடுவே
அறுபத்தொரு மில்லிவோல்ட்.
புத்தகத்தில் ஐம்பத்தொன்பது. போகட்டும்.

மணி ஏழரை. பதினேழு தவறிய அழைப்புகள்.
பதினாறு, நான் இல்லாமலே தீர்ந்திருந்தன.
மீதி ஒன்று நிஜமாகவே அவசரம்,
அதற்கு நாளை திட்டு வாங்குவேன்.

வீட்டில் சாத்தப்பன் கேட்டார்:
"இவ்வளவு நேரம் என்ன பண்ணினே?"
"எட்டுப் போட்டேன்."
"லைசென்ஸ்தான் அன்னைக்கே வாங்கிட்டியே?"

வாங்கினேன்.
அந்த மைதானத்தில் இரண்டு இடத்தில்
கால் ஊன்றினேன்.
இன்ஸ்பெக்டர் போனில் இருந்தார்.