கண்மட்டம்

படத்தைக் கண்மட்டத்தில் மாட்ட வேண்டுமாம்.
யாருடைய கண் என்று
எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

தோர்ஸ்ஹாவனில்
பதினோரு மாதமாக
ஹெக்னியின் உயரத்தில் தொங்கியது
அந்தக் கடல் ஓவியம்.
மார்யுன் கண்டதெல்லாம்
சட்டத்தின் அடிக்கட்டை,
கொஞ்சம் நுரை.

அவன் மீன்பிடிக் கப்பல் ஏறிய மறுநாள்
சோபாவைச் சுவரிலிருந்து பிரித்தாள்.
ஒரே சாண். அறை அகன்றது.
கூரை விளக்கை அணைத்துவிட்டு
மூலைக்கு ஒன்றாய்ச் சின்ன விளக்குகள்;
மார்கழியில் மூன்று மணிக்கே இருட்டும் ஊர்.
கம்பளம் போதவில்லை.
நாற்காலிகள் முன்கால்களை மட்டும்
அதில் வைத்து நின்றன,
குளிர்ந்த நீரில் இறங்கத் தயங்கும் பிள்ளைகளாய்.

"ஜன்னலோரம் ஒன்றுமே இல்லையே"
என்றாள் பக்கத்து வீட்டு சோல்வா.
"அதற்குத்தான் அந்த இடம்."

கடைசியாக ஆணியைப் பிடுங்கி
ஒன்றரைச் சாண் கீழே அடித்தாள்.
அலைக்கு மேலே
வானம் இருந்தது.
அதில் ஒரு பறவைகூட.

ஆறு வாரம் கழித்து வந்தவன்
ஈரக் காலுறையோடு நின்று
சுவரின் பழைய ஓட்டையைத் தடவினான்.
பிறகு முழங்காலை மடித்து
அவள் உயரத்துக்கு இறங்கினான்.

"கீழே இவ்வளவு நுரை இருந்ததா?"

"இருந்தது," என்றாள்,
"பதினோரு மாதமாக."